புரட்டாசி மாதத்தில் மீன் வாசனை

ஏசி மெக்கானிக் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. முட்டி தேய்ந்துவிட்டது, ஏணி ஏற முடியவில்லை. ஆனாலும் உங்களில் யாராவது ஒருவர் தினமும் எனக்கு ஒரு போட்டோ அனுப்புகிறீர்கள். ஏசியின் முகத்தில் ஒரு எழுத்து, ஒரு எண். அதற்குக் கீழே, "அண்ணே, இது இன்னா கோடு?" என்ற கேள்வி. தெரிந்ததை எழுதி அனுப்பிவிடுகிறேன். அனுப்பிய பிறகு என்னால் சும்மா உட்கார முடிவதில்லை. மறுபடி போனை எடுத்து, எத்தனை தடவை வந்தது, அந்த அறையில் யார் இருக்கிறார்கள், ஏதாவது வாசனை வருகிறதா என்று கேட்கிறேன். உங்களுக்கு எரிச்சலாக இருக்கும், தெரியும். "பெருசுக்கு பொழுது போகல" என்று ஒருவர் நம் மெக்கானிக் குரூப்பில் எழுதி உடனே அழித்துவிட்டார். அழிப்பதற்குள் படித்துவிட்டேன், தம்பி. கோபமெல்லாம் இல்லை. ஏன் கேட்கிறேன் என்பதை இன்று ஒரே தடவையில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் அம்பத்தூரில் ஒரு டீலர் கடைக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டுவது, சர்வீஸ், கம்ப்ளெய்ண்ட் எல்லாம் நான்தான். அந்தப் புரட்டாசியில் ஒரு வாரம் தினமும் சாயங்காலம் இடியும் மழையும். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. காலையில் எழுந்தால் போனில் பத்துப் பதினைந்து போட்டோ நிற்கும். பெரும்பாலும் ஈ-சிக்ஸ். நாங்கள் மாட்டிய அந்த மாடலில், வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கும் வெளியே இருக்கும் பெட்டிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனால் வரும் கோடு அது. கரண்ட் ஏறி இறங்கினாலும் வரும். அதற்கு மருந்து எல்லோருக்கும் தெரியும். மெயினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போட வேண்டும். பத்தில் ஒன்பது வீட்டில் கோடு போய்விடும். ஏணி இல்லை, அலைச்சல் இல்லை, கடையில் அந்தக் கம்ப்ளெய்ண்ட்டை முடிந்ததாகப் போட்டுக்கொள்ளலாம். நான் அந்தப் பதிலைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு, வந்த போட்டோவுக்கெல்லாம் அதையே தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

நூம்பலில் இருந்து வித்யா என்ற பெண்ணும் அனுப்பியிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்பு நான் ஏசி மாட்டிக்கொடுத்த வீடு. கும்பகோணம் பக்கத்துக்காரர், ஐடி கம்பெனி வேலையை வீட்டில் இருந்தே பார்ப்பவர். கணவர் வேலையாக வெளிநாட்டில் இருந்தார். வீட்டில் அவரும், எல்.கே.ஜி. படிக்கும் மகளும், பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவும் மட்டும்தான். அந்தப் பெரியவருக்கு வாய் பேச வராது. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். படுக்கைப்புண் வந்துவிடக் கூடாது, வியர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் ஏசியே வாங்கினார்கள். காலை எட்டரைக்கு வித்யாவின் போட்டோ வந்தது. வழக்கமான பதிலைப் போட்டேன். பத்தரைக்கு இன்னொரு போட்டோ வந்தது. யாருடையது என்றுகூடப் பார்க்காமல் அதே பதிலைப் போட்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு நான் கள்ளிக்குப்பத்தில் காசி என்பவர் வீட்டில் ஏணி மேல் நின்றிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுபவர், அன்றைக்கு ராத்திரி ஷிஃப்ட் என்பதால் வீட்டில் இருந்தார். அவருடைய ஏசியில் தண்ணீர் ஒழுகியது. கழற்றிய மூடியை அவர் கட்டில்மேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனைப் பார்த்தேன். இருபது நிமிடத்துக்கு முன்பு வித்யா பேசி அனுப்பியிருந்தது வந்து கிடந்தது. தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டேன்.

"அண்ணா, நீங்க சொன்ன மாதிரி ஆஃப் பண்ணிப் போட்டேன், இப்ப ஓடுது. காலைலேர்ந்து இது மூணாவது தடவை. தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க, அப்பாவுக்கு ஏசி இல்லாம முடியாது. அப்புறம் ஒண்ணு அண்ணா, ரூமுக்குள்ள எங்கேர்ந்தோ மீன் பொரிக்கிற வாடை வருது. புரட்டாசி மாசம், எங்க மாடில யாருமே மீன் சமைக்க மாட்டாங்க. அதுக்கும் ஏசிக்கும் சம்பந்தம் இருக்காதுல்ல? சரிண்ணா, ரூம் கதவச் சாத்திட்டு, பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வந்துடறேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன். சம்பந்தம் இருக்கிறது. ஒயர் ஜாயின்ட் சூடாகி, அதைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் வேக ஆரம்பித்தால் முதலில் வருவது புகை வாடை இல்லை. மீன் பொரிக்கிற வாடைதான் வரும். நம் தொழிலில் இருப்பவனுக்குத்தான் அது தெரியும். வீட்டில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுச் சமையல் என்று ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

அந்த ஜாயின்ட்டைப் போட்டவன் நான். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பெட்டியோடு வந்த ஒயர் மூன்று மீட்டர். நூம்பல் வீட்டில் வெளிப்பெட்டி பின்பக்க பால்கனியில், ஐந்து மீட்டர் வேண்டும். புதிதாக முழு நீளத்துக்கு ஒயர் வாங்கிப் போடுவதுதான் முறை. எலெக்ட்ரிகல் கடைக்குப் போக வேலப்பன்சாவடி வரை போக வேண்டும், அடுத்த வீட்டுக்காரர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். பையில் இருந்த துண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி, ஃபால்ஸ் சீலிங்குக்குள் தள்ளிவிட்டேன். சரியாகப் பெரியவரின் கட்டிலுக்கு மேலே. நாம் எல்லோரும் செய்வதுதான் அது. செய்ததே இல்லை என்று சொல்பவன் இருந்தால் கையைத் தூக்கச் சொல்லுங்கள், பார்க்கிறேன்.

ஜாயின்ட் சுட்டால் கரண்ட்டைத் துண்டிக்கும் டிரிப்பர் விழாது. கரண்ட் அளவுக்கு மீறி இழுத்தால்தான் விழும். சூடு ஏறும்போது பேச்சு அறுந்து ஈ-சிக்ஸ் வரும், மெஷின் தானாக நிற்கும், ஜாயின்ட் ஆறும். அதுதான் அந்த வீட்டுக்கு இருந்த ஒரே காவல். அதை நான் காலையில் இருந்து இரண்டு முறை போனிலேயே தட்டி எழுப்பி, ஓடு ஓடு என்று விரட்டியிருக்கிறேன். மூன்றாவது முறை அந்தப் பெண் என் பழைய பதிலைப் பார்த்துத் தானே செய்துவிட்டார்.

வித்யாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. நான்கு முறை போட்டேன். போனை அப்பாவின் அறையிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தச் சாத்திய அறைக்குள் போன் அடிக்க, எழுந்திருக்க முடியாத மனிதர் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

"இன்னா ஆச்சி? யாருக்கு இப்டி போன் மேல போன் போட்ற?" என்றார் காசி. சொன்னேன். அவர் கட்டில்மேல் கிடந்த மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது எங்கியும் ஓடாது. சாவிய இப்டி குடு. வண்டிய நான் ஓட்றேன், நீ பின்னால குந்திகினு போன் போட்டுகினே வா." நானாக இருந்திருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓட்டியிருப்பேன். ஓட்டுகிறவனால் போன் பேச முடியாது. அந்த நேரத்தில் அந்த மனிதருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்துச் செய்த தப்புதான் இன்றைக்கும் தூக்கத்தைக் கெடுப்பது. கடைக்குப் போன் போட்டேன். கம்ப்ளெய்ண்ட் எடுக்கும் மாலதி பேசினார். டெலிவரி ஃபார்மில் வீட்டுக்காரர் நம்பரோடு வாட்ச்மேன் நம்பரும் வாங்குவோம், அது அவரிடம் இருக்கும்.

"மாலதி, நூம்பல் வித்யா வீட்டு வாட்ச்மேன் நம்பர் வேணும்."

"ஏன்ணா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சும்மா ஒரு செக்கிங்தான்."

அப்படித்தான் சொன்னேன். நாக்கு தானாகப் புரண்டுவிட்டது. பக்கத்தில் முதலாளி இருப்பார், நான் போட்ட ஜாயின்ட் என்று தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். மாலதி, "ஃபார்ம் எல்லாம் மேல கெடக்குண்ணா, கஸ்டமர் நிக்கிறாங்க, அனுப்பிட்டு எடுத்து தரேன்" என்று வைத்துவிட்டார். அவர்மேல் என்ன குற்றம்? சும்மா என்றவன் நான். அயனம்பாக்கம் தாண்டும் வரை நம்பர் வரவில்லை. வித்யாவுக்கு இன்னும் ஆறு முறை போட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் கடைசி மணி வரை அடித்து ஓய்ந்தது.

காசி தலையைத் திருப்பாமலே, "நம்பர் வந்துச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"இன்னா சொல்லி கேட்ட?"

மறுபடி கடைக்குப் போட்டேன். "மாலதி, நான் முறுக்கிப் போட்ட ஜாயின்ட் அந்த வீட்டுல எரிஞ்சுகினு இருக்கு. கீழ எழுந்துக்க முடியாத ஒரு பெரியவர் தனியா படுத்துகினு கீறார். வீடு பூட்டியிருக்கு." ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நம்பர் வந்துவிட்டது. அந்தப் பத்து நிமிடத்தை நான்தான் தின்றேன்.

வாட்ச்மேன் பெயர் ஏழுமலை. உடனே எடுத்தார். விஷயத்தைச் சொல்லி, கீழே மீட்டர் இருக்கும் இடத்தில் வித்யா வீட்டு மெயினை அணைக்கச் சொன்னேன்.

"மேடத்த கேக்காம நான் எப்டி அண்ணாத்தே கை வெக்கிறது? அவுங்க கம்பூட்டர்லாம் ஓடிகினு இருக்கும்."

"கெட்டா நான் பொறுப்பு. என் பேர சொல்லு. உள்ள அவங்க அப்பா இருக்காரு, அணைச்சுடு."

ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "எட்டு மீட்டரு கீது. நம்பரு எல்லாம் அழிஞ்சி போச்சி. எது அவுங்களுதுன்னு தெர்லயே."

யோசிக்க நேரம் இருப்பதாக எனக்குப் படவில்லை. "எல்லாத்தையும் அணை" என்றேன். டக் டக்கென்று ஒவ்வொன்றாக விழுவது காதில் கேட்டது. ஏசி நின்றது. எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சை முழுதாக விடுவதற்குள் ஏழுமலை கத்தினார்.

"அய்யய்யோ, லிஃப்ட்டும் நின்னு போச்சி. நான் மீட்டராண்ட வந்த நேரத்துல மேடமும் பாப்பாவும் வந்து ஏறிட்டாங்க போல. உள்ள மாட்டிகினாங்க!"

எல்லாவற்றையும் என்றேன், அவர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். லிஃப்ட்டில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுச் சாவி லிஃப்ட்டுக்குள் தொங்குகிறது. வீட்டுக்குள் கரண்ட் இல்லை, சரி. ஆனால் ஏற்கெனவே பிடித்த நெருப்பு கரண்ட்டைக் கேட்டுக்கொண்டா இருக்கும்? ஏசிக் குழாயைச் சுற்றி இருக்கும் ஃபோம் பஞ்சு கனிந்துகொண்டே இருக்கும். குழந்தை அழுகிற சத்தம் போனில் கேட்டது.

"ஏழுமலை, தண்ணி மோட்டார் போடுவீங்கல்ல, தினம்? அந்த சுவிட்ச் எது?"

"அது தனியா கீது, மாடிப்படி அண்ட. அதையும் சேத்துதான் அணச்சிட்டேன்."

"லிஃப்ட்டும் அதுலதான் இருக்கும். அத மட்டும் போடுங்க. மத்த எட்டையும் தொடாதீங்க."

போட்டார். லிஃப்ட் நகர்ந்தது. ஏழுமலை படியில் ஓடுகிறார், போன் அவர் கையிலேயே இருக்கிறது. கதவு திறக்கும் சத்தம். அவர் மூச்சிரைக்க, "மேடம், சாவி, சாவி" என்கிறார். பூட்டு திறக்கிறது. அதன் பிறகு வித்யாவின் குரல், "அப்பா!" என்று ஒரே ஒரு தடவை. போன் விழுந்திருக்க வேண்டும், இணைப்பு போய்விட்டது.

நாங்கள் வேலப்பன்சாவடி சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். முன்னால் திருவேற்காடு கோயிலுக்குப் போய்விட்டு வரும் கூட்டத்தை ஏற்றிய ஷேர் வேன். அந்த "அப்பா" எந்த மாதிரியான "அப்பா" என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பப் போட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. சிக்னல் விழுந்ததும் காசி ஓரமாக மண்ணில் இறக்கி வண்டியை விட்டார்.

பெரியவர் உயிரோடு இருந்தார். ஏழுமலையும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரைப் போர்வையோடு தூக்கி ஹாலில் படுக்க வைத்திருந்தார்கள். இருமிக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வழிந்தது, மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டில் ஒரு நர்ஸம்மா, வந்து பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார். அறைக்குள் போனேன். சீலிங்கில் ஒரு தட்டளவுக்குக் கருப்பு. பலகையைப் பெயர்த்ததும் சின்னதாக ஒரு கனல், ஏழுமலை கீழிருந்து தூக்கி வந்த பக்கெட் மணலைப் போட்டு அணைத்தேன். பஞ்சு உருகிச் சொட்டுச் சொட்டாகத் தலையணை மேல் விழுந்து, உறையில் நான்கு ஓட்டை. தலை இருக்கும் இடத்தில் இருந்து ஒரு சாண் தள்ளி.

வித்யா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல நேரத்துல போன் பண்ணீங்கண்ணா. நீங்க இல்லன்னா..." முடிக்க முடியாமல் அழுதார். "காலைலேர்ந்து அப்பா கைய மேல மேல தூக்கிக் காட்டிக்கிட்டே இருந்தாரு. ஃபேன் கேக்கறாருன்னு நெனச்சு ஃபேனப் போட்டேன். அப்பவும் தூக்கினாரு. இன்னும் வேகமா வெச்சேன்."

அப்படியே விட்டிருக்கலாம். காப்பாற்றியவன் என்ற பெயரோடு படி இறங்கியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. காசி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருக்காகச் சொல்லவில்லை. அந்தப் பெண் தன் அப்பாவைத் தானே கொல்லப் பார்த்ததாக நினைத்து அழுதுகொண்டிருந்ததை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அம்மா, அந்த ஒயர ஒட்டுப் போட்டது நான். போட்டிருக்கக் கூடாது. நீங்க மூணு தடவை அனுப்பியும் வந்து பாக்காததும் நான்தான். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் என் கையை விட்டார். அழுகை நின்றுவிட்டது. திட்டவில்லை, அதற்குக்கூட நான் தயாராக இருந்தேன். ஆம்புலன்ஸ் வந்து, பெரியவரை ஏற்றும்போது மட்டும் திரும்பிச் சொன்னார். "இனிமே எங்க வீட்டுக்கு நீங்க வராதீங்க அண்ணா." அவ்வளவுதான். பெரியவர் நான்கு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று ஏழுமலையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு மாலை கடைக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். அந்த வருடம் முழுக்க இப்படி முறுக்கிப் போட்ட வீடுகள் ஞாபகத்தில் இருந்தவரை ஒன்பது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றேன். "நீயே போய் தப்பு பண்ணேன்னு சொல்லுவியா? கடை பேர் என்னாவறது? எந்த வீட்டுலயும் கம்ப்ளெய்ண்ட் வரலயே" என்றார். அவர் சொன்னதும் சரிதான், எந்த வீட்டிலும் கோடு வரவில்லை. மாலதிதான் ஒன்பது முகவரியையும் ஒரு தாளில் எழுதி என் பையில் வைத்தார்.

ஆயுத பூஜை லீவில் முழு நீள ஒயர் சுருளோடு ஒவ்வொரு வீடாக ஏறினேன். சிலர் காப்பி கொடுத்தார்கள். ஆவடியில் ஒருவர் வாசலில் நிறுத்தி வைத்து அரை மணி நேரம் ஏசினார். வாங்கிக்கொண்டேன். முதல் ஆறு வீட்டிலும் ஜாயின்ட் நன்றாகவே இருந்தது. பைத்தியக்காரத்தனம் செய்கிறோமோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

ஏழாவது வீடு திருவேற்காட்டில். "ஏசி சூப்பரா ஓடுதுங்க, ஒரு நாளும் கோடே வந்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே அந்த வீட்டு அம்மா என்னை உள்ளே கூட்டிப்போனார். மெதுவா, பாப்பா தூங்குது என்றார். ஏணி மேல் ஏறிப் பலகையை நகர்த்தினேன். நான் சுற்றிய டேப் உருகி ஒயரோடு ஒட்டிப் போயிருந்தது. தொட்ட விரல் சுட்டது. நேர் கீழே, கொக்கியில் தூளி கட்டியிருந்தார்கள்.